யப்பானில் அழுவதற்கும் ஓர் இடம்

யப்பான் என்றவுடன் எங்களில் அநேகருக்கு நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிளும் வானொலிப் பெட்டியும் தையல் இயந்திரமும்தான். நான் தையல் பழக்கும் நிலையத்தில் இன்றும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்கள் இரண்டும் யப்பானில் செய்தவை. முன்பு அங்கிருந்து பொருட்கள்தான் எங்களிடம் வந்தன. இப்பொழுது எங்கள் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். 2019இல் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின்னர், மொழிப் பரீட்சையிலும் தொழிற் பரீட்சையிலும் சித்தியடைந்து முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. என் தங்கையின் மகளும் அப்படிப் போய் யொகோஹாமா நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய அழைப்பின் பேரில் 2024 யூன் மாதம் பன்னிரண்டு நாட்கள் நான் யப்பானில் நின்றேன்.

திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டது, “அந்தப் பூ மரங்களைப் பாத்தியளோ?” என்றுதான். செரிப்பூ மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பூத்து உதிர்ந்துவிடும். யூன் மாதம் அங்கே மழைக்காலம். பூஜி மலையும் முகில் மூடியே கிடந்தது. ஆனால் போகக் கிடைத்தால் பார்த்து வாருங்கள் என்று சகோதரிகளுக்குச் சொல்லக்கூடிய சில இடங்களைக் கண்டேன். பயணப் புத்தகங்களில் இவற்றிற் சில முதற் பக்கத்தில் இருக்கும். சில இருக்கவே இருக்காது.

அதற்கு முன் சில நடைமுறை விடயங்கள். வீட்டுக்குள் மட்டுமல்ல, கோயில் மண்டபங்களிலும் சில சாப்பாட்டுக் கடைகளிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். எங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் காலுறை போடும் பழக்கம் உள்ளவர்கள் கிழியாத காலுறையாகப் பார்த்துக் கொண்டு போங்கள். தெருவில் குப்பைத் தொட்டி காண்பது அரிது. ஒரு பையைக் கையில் வைத்திருந்து குப்பையை வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். புகையிரதத்திலும் பஸ்ஸிலும் ‘சுயிகா’ என்ற ஓர் அட்டை போதும், ஒவ்வொரு முறையும் ரிக்கற் எடுக்கத் தேவையில்லை. புகையிரதத்துக்குள் யாரும் தொலைபேசியில் கதைப்பதில்லை. காலை வேளையில் சில புகையிரதங்களில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். வசதிதான். ஆனால் இவ்வளவு ஒழுங்கான நாட்டிலும் நெரிசலில் பெண்களின் மேல் கைபோடுகிறவர்கள் இருந்தபடியால்தான் அப்படி ஒரு பெட்டி தேவைப்பட்டது என்பதையும் மருமகள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்கள் கவனம். மரக்கறிச் சூப் என்று தருவதிலும் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். ‘ஒனிகிரி’ என்ற சோற்று உருண்டையில், உமெபோஷி என்ற புளிப்பான ஊறுகாய் வைத்ததைக் கேட்டு வாங்கினால் பசி தீரும். தேசிக்காய் ஊறுகாயோடு பழஞ்சோறு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

இனி இடங்களுக்கு வருகிறேன். டோக்கியோவில் சிவப்பு நிறத்தில் உயர்ந்து நிற்கும் டோக்கியோ கோபுரத்துக்குக் கிட்ட ஸோஜோ-ஜி என்ற பெரிய பௌத்த கோயில் உண்டு. கோயிலின் ஓரமாக நடந்தபோது, கையளவு உயரமான கற்சிலைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்பதைக் கண்டேன். மொட்டைத் தலையும் மூடிய கண்ணும் குழந்தை முகமும். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புக் கம்பளி நூலில் பின்னிய தொப்பி, கழுத்தில் சிவப்புத் துணி, பக்கத்தில் காற்றுக்குச் சுற்றும் காற்றாடி. தையற்காரியின் கண் முதலில் தொப்பியில்தான் போகும். இயந்திரப் பின்னல் அல்ல, கைப்பின்னல். ஒருத்தி இறுக்கிப் பின்னியிருந்தாள், இன்னொருத்தி தளரவிட்டிருந்தாள். ஓரிடத்தில் கண்ணி தவறியும் இருந்தது. மருமகளைக் கேட்டேன். “இது பிள்ளையளைக் காக்கிற சாமி, பெரியம்மா. ஜிஸோ எண்டு பெயர். மிச்சம் கமகுராவிலை சொல்லுறன்” என்றாள்.

கமகுரா கடற்கரையோரமான பழைய நகரம். யொகோஹாமாவிலிருந்து அரை மணித்தியாலம், டோக்கியோவிலிருந்து ஒரு மணித்தியாலம். அங்கிருந்து ‘எனோடென்’ என்ற சின்னப் புகையிரதம், வீடுகளின் பின்வேலியை உரசுவது போல ஓடி ஹாஸே என்ற தரிப்பிடத்தில் விடும். நடக்கும் தூரத்தில் புகழ்பெற்ற பெரிய புத்தர் இருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் வார்த்த வெண்கலச் சிலை. முன்பு மண்டபத்துக்குள் இருந்தவராம். அந்த மண்டபம் அழிந்து ஐந்நூறு வருடங்களுக்கு மேலாகிறது. அன்று தொட்டு வெயிலிலும் மழையிலும் வெளியே இருக்கிறார்.

அந்த வளவுக்குள் இலங்கையர் எவரும் நின்று பார்க்க வேண்டிய ஒரு கல் உண்டு. ஜே.ஆர். ஜயவர்தனவின் நினைவுக் கல். 1991இல் நாட்டியது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. ஆனாலும் 1951 செப்ரெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், அப்போது நிதியமைச்சராக இருந்த அவர், இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். பகை பற்றிய புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, தோற்ற நாட்டுக்காகப் பேசினார். யப்பானியர் இன்றும் அதை நன்றியோடு சொல்கிறார்கள். நான் அந்தக் கல்லின் முன்னே சற்று நேரம் நின்றேன். 1983 யூலையில் கொழும்பு எரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். தூரத்து நாட்டுக்கு மன்னிப்பைப் பேசிய வாய், சொந்த நாட்டு மக்களுக்கு ஆறுதல் சொல்லப் பல நாள் எடுத்தது. கல்லில் அது எழுதியில்லை. மருமகள் 1983இற்குப் பிறகு பிறந்தவள். அவளுக்கு நான் சொன்னேன்.

அடுத்தது ஹாஸே-தெரா கோயில். மலைச்சரிவில் படிப்படியாக ஏறிப் போகும் கோயில். யூன் மாதத்தில் நுவரெலியாவில் காண்பது போன்ற ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் நீலமும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும். அதைப் பார்க்கத்தான் பெருங்கூட்டம். மேலே ஒன்பது மீற்றருக்கும் உயரமான, பதினொரு முகம் கொண்ட கன்னோன் என்ற தெய்வம், மரத்தில் செய்து பொன் பூசியது. பாதி வழியில் ஒரு சிறிய மண்டபம். அதைச் சுற்றி, தோளோடு தோள் ஒட்டி, ஆயிரக்கணக்கில் அதே சின்னக் கற்சிலைகள்.

மருமகள் அங்கே வைத்துத்தான் சொன்னாள். கருவில் கலைந்த பிள்ளை, செத்துப் பிறந்த பிள்ளை, பிறந்து சில நாளில் போன பிள்ளை, தாயே கலைக்க வேண்டி வந்த பிள்ளை, இவர்களை யப்பானிய மொழியில் ‘மிஸுகோ’ என்பார்கள். நீர்க் குழந்தை என்று பொருள். இந்த உலகத்துக்குள் முழுதாக வந்து சேராத பிள்ளைகள் மறு உலகத்து ஆற்றங்கரையில் கல்லின் மேல் கல்லாக அடுக்கிக்கொண்டிருப்பார்களாம். பேய்கள் வந்து அதைத் தட்டி விழுத்துமாம். அப்போது ஜிஸோ வந்து பிள்ளைகளைத் தன் அங்கிக்குள் ஒளித்துவைப்பாராம். ஜிஸோ வழிப்போக்கருக்கும் காவல் தெய்வம். அதனால் தெருவோரங்களிலும் அவர் நிற்பார்.

ஒரு பெண் வந்தாள். வயது நாற்பது இருக்கும். அலுவலக உடுப்பு, தோளில் பை. ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. யாரும் என்ன நடந்தது என்று கேட்கவுமில்லை. ஐந்து நிமிடத்தின் பின் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

என் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த இரவில் எனக்கு ஏழு மாதம். மழையில், செம்மணி வெளியில், முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாத சனத்துக்குள் நாவற்குழிப் பாலம் வரை ஊர்ந்து போனோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. மூன்றாம் நாள், வகுப்பறை மூலையில் நான்கு பெண்கள் சேலை பிடித்து மறைக்கப் பிள்ளை பிறந்தது. அழவில்லை. மாமி ஒரு பழஞ்சேலைத் துண்டில் சுற்றினா. என் கணவரின் சித்தப்பா மண்வெட்டி இரவல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை நாங்கள் கிளிநொச்சிக்கு வெளிக்கிட்டுவிட்டோம். எந்த வளவில், எந்தப் பனையடியில் என்பது சித்தப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். அவரும் 2001இல் காலமாகிவிட்டார்.

எங்கள் முறையில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு எட்டுமில்லை, முப்பத்தொன்றுமில்லை, திவசமுமில்லை. பிறகு எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். நிவாரணத்துக்கு, வீட்டுத் திட்டத்துக்கு, வாழ்வாதார உதவிக்கு. பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்றே எழுதியிருக்கிறேன். போரில் இழந்தவர்கள் என்ற இடத்தில் கணவரின் பெயரை எழுதினேன். மற்றதை எழுத அந்தத் தாளில் ஒரு கட்டமும் இருக்கவில்லை. ஆற்றுப்படுத்தலுக்கு வந்த சகோதரியும் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

“அம்மா ஒருக்காச் சொன்னவ, பெரியம்மா” என்றாள் மருமகள் மெதுவாக. “அது பெடியனோ, பெட்டையோ?”

“பெட்டை” என்றேன்.

இருபத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் போய் ஊதுபத்தி வாங்கி வந்தாள். கொளுத்தி வைத்தேன். என் கடவுள் வேறு, மொழி வேறு. அதை அங்கே யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சடங்கு எல்லா இடத்திலும் இவ்வளவு அமைதியானதல்ல. 1970களில் இது யப்பானில் பெருவழக்கானபோது, கலைத்த பிள்ளையின் சாபம் பிடிக்கும் என்று பெண்களைப் பயமுறுத்திக் காசு பறித்த கோயில்களும் இருந்தனவாம். அங்குள்ள பெண்களே அதைக் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். பெண்ணின் துக்கத்தில் கடை விரிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஹிரோஷிமாவுக்கு மருமகளும் நானும் இரவு பஸ்ஸில் போனோம். கதி கூடிய ‘ஷின்கான்சென்’ புகையிரதத்தில் டோக்கியோவிலிருந்து நான்கு மணித்தியாலம், ஆனால் கட்டணம் அதிகம். இரவு பஸ் கால் வீங்கினாலும் காசு மிச்சம். கொழும்பு பஸ்ஸில் இருந்து பழகிய எங்களுக்கு அதுவொன்றும் பெரிய தூரமில்லை.

1945 ஓகஸ்ட் 6, காலை 8.15. அந்தக் குண்டினால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காத ஒன்றை நகரத்துக்குள் ஓடும் ட்ராம் வண்டியில் அறிந்தேன். ஆண்கள் போருக்குப் போய்விட்டபடியால் அந்த நாட்களில் ட்ராம் ஓட்டியவர்களிலும் ரிக்கற் கொடுத்தவர்களிலும் பலர், ட்ராம் கம்பனி நடத்திய பாடசாலையில் படித்த பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள். குண்டு விழுந்து மூன்றாம் நாள், ஓகஸ்ட் 9ஆம் திகதி, ஒரு சிறு தூரத்துக்கு ட்ராம் மறுபடி ஓடியது. உயிர் தப்பிய பெண்பிள்ளைகளும் அதில் வேலைக்கு வந்தார்களாம். குண்டில் அகப்பட்டுத் திருத்தப்பட்ட ட்ராம் வண்டிகள் இப்போதும் ஓடுகின்றன.

சமாதான நினைவு அருங்காட்சியகத்தின் பிரதான கட்டடத்தை 2019இல் மாற்றியமைத்துத் திறந்திருக்கிறார்கள். அங்கே இறந்தவர்களின் பொருட்களைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த அறைகள். கிழிந்த பள்ளிச் சட்டைகள். ஒரு பையனின் சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே கரியாய்ப் போன சோறு. அவனுடைய உடலை அந்தப் பெட்டியோடு தேடிக் கண்டெடுத்தவள் தாய். தைத்துக் கொடுத்தவளும் கட்டிக் கொடுத்தவளும் தேடிப் போனவளும் பெரும்பாலும் ஒருத்திதான்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த மூன்று சில்லுச் சைக்கிள். நான்கு வயதும் நிரம்பாத ஒரு பையனுடையது. அவன் இறந்தபோது, இவ்வளவு சிறிய பிள்ளையைத் தூரத்துச் சவக்காலையில் தனியே விட மனமில்லாமல் தகப்பன் வீட்டு வளவிலேயே புதைத்தார். விளையாடட்டும் என்று சைக்கிளையும் கூடவே வைத்தார். நாற்பது வருடங்களின் பின், 1985இல், எலும்புகளைத் தோண்டியெடுத்துக் குடும்பக் கல்லறைக்கு மாற்றினார். சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தத் தகப்பனுக்கு எந்த வளவு என்று தெரிந்திருந்தது.

வெளியே பூங்காவில் புல் மூடிய ஒரு மண்மேடு. அதற்குள் இனந்தெரியாத சுமார் 70,000 பேரின் சாம்பல் இருக்கிறது. பெயர் தெரிந்தும் உரித்தாளி வராத எண்ணூறுக்கு மேற்பட்டவர்களின் சாம்பலும் உண்டு. அவர்களுடைய பெயர்ப் பட்டியலை நகரசபை இன்றும் ஒவ்வொரு வருடமும் வெளியிட்டு உறவினரைத் தேடுகிறது. சமாதிக் கல்லின் கீழே இறந்தவர்களின் பெயரேடுகள் வைத்திருக்கிறார்கள். 2024 வரையில் 3,44,000 பெயர்களுக்கு மேல். அவற்றோடு, ஒன்றும் எழுதாத வெறும் தாள்களைக் கொண்ட ஓர் ஏடும் இருக்கிறது. அது பெயர் தெரியாதவர்களுக்கானது.

எங்களுக்கு ஒரு கல் நடுவதென்றாலும் யாரும் கேட்பார்களோ, பிடுங்குவார்களோ என்று யோசிக்க வேண்டியிருந்த வருடங்களை நீங்களும் கண்டிருக்கிறீர்கள். அதனால் அந்த வெறும் ஏட்டைப் பற்றி வாசித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் அங்கேயும் எல்லா இறப்பும் ஒன்றாக மதிக்கப்பட்டதில்லை. யப்பானின் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவரப்பட்டு ஹிரோஷிமாவில் வேலை செய்த கொரிய மக்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுத்தூண் 1970இல் எழுந்தபோது அது பூங்காவுக்கு வெளியே, ஆற்றுக்கு மறுகரையில்தான் நின்றது. பூங்காவுக்குள் வர அதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆமையின் முதுகில் நிற்கும் அந்தத் தூணைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

டோக்கியோவின் வசேதாப் பகுதியில் போரும் சமாதானமும் பற்றிய பெண்கள் அருங்காட்சியகம் என்று ஒரு சிறிய இடம் இருக்கிறது. சில நாட்களில் மட்டும் திறந்திருக்கும், விசாரித்துப் போக வேண்டும். வாசலிலேயே பெண்களின் முகங்கள் வரிசையாக உங்களைப் பார்க்கும். இரண்டாம் உலகப்போரில் யப்பானிய இராணுவம் ‘ஆறுதல் பெண்கள்’ என்று பெயர் வைத்து அடிமைப்படுத்திய கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் முதலான நாடுகளின் பெண்கள் அவர்கள். கொரியாவைச் சேர்ந்த கிம் ஹக்-சுன் என்ற அம்மா 1991 ஓகஸ்டில் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் மற்ற நாட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். இந்த இடத்தை ஆரம்பிக்கத் தன் சொத்தை எழுதிவைத்துவிட்டு 2002இல் இறந்த மட்சுயி யயோரி ஒரு யப்பானியப் பத்திரிகையாளர். 2005இல் திறந்தார்கள். தன் நாட்டு இராணுவம் செய்ததைத் தன் நாட்டுத் தலைநகரிலேயே மாட்டிவைத்த பெண்ணைப் பற்றி எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டும். அங்கே எனக்கு அழுகை வரவில்லை. கோபந்தான் வந்தது.

கடைசிக்கு முதல் நாள், மருமகள் வேலை செய்யும் இல்லத்துக்குப் போக அனுமதி கிடைத்தது. தொண்ணூறைத் தாண்டிய ஓர் அம்மா, நான் தையல் ரீச்சர் என்று கேள்விப்பட்டதும் என் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். 1945 மே மாதம் யொகோஹாமாவில் விமானக் குண்டு விழுந்த நாளில் அவர் சிறுமியாம். அப்போது பிள்ளைகளெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணித் தலைமூடி போட்டுக்கொண்டுதான் வெளியே போவார்கள். தாய் எப்படிப் பஞ்சை விரித்து எப்படி இழையோடினார் என்று வெறுங்கையால் காற்றில் தைத்துக் காட்டினார். நாங்கள் 2009இல் வன்னியில் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்ததை நானும் கையால் காட்டினேன். கூறைச் சேலையும் அதில் போனது என்று மருமகளைச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். பிறகு, “உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதா?” என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். யப்பானிய மொழியில் ஒரு சொல்லில் முடிந்தது என்று சொன்னாள். அந்த அம்மாவோ, தாயின் தலைமூடியை இன்னும் வைத்திருப்பதாகவும், மகளுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருப்பதாகவும் சொல்லிச் சிரித்தார்.

போகிறவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். ஹிரோஷிமா அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் 2024இல் 200 யென்தான், ஆனால் உள்ளே போகக் காலையிலேயே வரிசையில் நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் முதலில் நீங்கள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தப்பிப் பிழைத்தவர்கள் 2025 மார்ச்சில் ஓர் இலட்சத்துக்கும் குறைந்துவிட்டார்கள், எல்லோரும் முதியவர்கள். அவர்களிடம் கேட்டுப் பழகி அவர்களுடைய கதையைச் சொல்லும் இளையவர்களை நகரசபை பயிற்றுகிறது. ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள், நேரத்தை வாசலில் கேட்கலாம். ஹாஸே-தெரா காலை எட்டு மணிக்குத் திறக்கும். பூப்பார்க்கும் கூட்டம் வருவதற்கு முன் போனால் அந்தச் சின்னச் சிலைகளின் பக்கத்தில் தனியே நிற்கலாம். யூன் மாதமென்றால் குடை வேண்டும், படிக்கற்கள் வழுக்கும். ஊதுபத்தி அங்கேயே வாங்கலாம்.